அலட்சியம் என்று எழுதிவிட்டீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில் வந்த சர்க்கரை நோயும் கண்ணும் பற்றிய கட்டுரையை என் கணவருக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். மூன்று ஆண்டுகளாக உங்கள் இதழை அவர் காதால்தான் படிக்கிறார். தலையங்கம் தொடங்கிக் கடைசிப் பக்கத் துணுக்கு வரை ஒன்றையும் விட்டுவிட அனுமதிக்க மாட்டார். அந்தக் கட்டுரையின் நான்காவது பத்தியில், "சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருப்பவர்களுக்குக் கண் பாதிப்பு வருவதில்லை, பார்வையை இழப்பவர்கள் அலட்சியத்தால்தான் இழக்கிறார்கள்" என்று இருந்தது. பாதியில் என் குரல் நின்றுவிட்டது. "ஏன் நிறுத்திவிட்டாய், படி" என்றார். படித்தேன். "இன்னொரு முறை படி" என்றார். அதையும் படித்தேன். அன்று அதற்கு மேல் அவர் எதையும் வாசிக்கச் சொல்லவில்லை.

ஐயா, எங்கள் வீட்டு அலமாரியில் 11 நோட்டுகள் இருக்கின்றன. சர்க்கரை என்று தெரிந்த நாளிலிருந்து 16 ஆண்டுகள் அவர் தன் கையால் எழுதியவை. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு மூன்று கட்டங்கள்: தேதி, வெறும் வயிற்றில், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து. 180ஐத் தாண்டினால் சிவப்பு மை. பக்கம் பக்கமாகப் புரட்டினாலும் சிவப்பு மை அரிதாகத்தான் கண்ணில் படும். எச்பிஏ1சி எனப்படும் மூன்று மாதச் சராசரி பெரும்பாலும் 7 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. பதினோராவது நோட்டின் கடைசிப் பக்கங்களில் எண்கள் கோட்டில் நிற்காமல் ஏறியும் இறங்கியும் போகின்றன. ஓரிடத்தில் 132 என்று எழுதியதன் மேலேயே 118 என்று எழுதியிருக்கிறார். முதலில் எழுதியது அவருக்குத் தெரியவில்லை. அடுத்த பக்கத்திலிருந்து என் கையெழுத்து. இவரைத்தான் உங்கள் கட்டுரையாளர் அலட்சியக்காரர் என்கிறார்.

அந்த நோட்டுகளில் இல்லாதது ஒன்று உண்டு. ரத்த அழுத்தத்துக்கு ஒரு கட்டம் இல்லை. அப்படி ஒன்று வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சர்க்கரைக்குப் பார்த்த மருத்துவர் ஒவ்வொரு முறையும் கையில் பட்டையைக் கட்டிப் பார்ப்பார். மேல் எண் 150 இருக்கும், 156 இருக்கும். "இந்த வயதுக்கு இது சகஜம்தான், உப்பைக் குறையுங்கள்" என்பார். ஒரு முறை டிரைகிளிசரைடு என்னும் ரத்தக் கொழுப்பு 340 என்று வந்தது. "சர்க்கரை நன்றாக இருக்கிறதே, அது போதும்" என்று தாளை மடித்துக் கொடுத்துவிட்டார். சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. இடையில் இரண்டு தடவை கண்ணாடி மாற்றினோம். எழுத்து அட்டையைப் படிக்கச் சொன்னார்கள். அவர் கடைசி வரி வரை படித்தார். கண்ணில் மருந்து விட்டு, கருவிழியின் நடுத்துளையான பாவையை விரித்து, உள்ளே யாரும் பார்க்கவில்லை. விழித்திரை கெட்டுக்கொண்டிருக்கும்போதும் அட்டையின் கடைசி வரியைப் படித்துவிட முடியும் என்பதை நாங்கள் தெரிந்துகொண்டபோது காலம் கடந்துவிட்டது.

ஒரு நாள் காலை முகம் மழித்துக்கொண்டிருந்தவர், "கண்ணாடியில் சிலந்தி வலை படிந்திருக்கிறது, துடைக்கக் கூடாதா?" என்றார். கண்ணாடி சுத்தமாக இருந்தது. மதியத்துக்குள் வலக்கண்ணின் முன்னால் கறுப்பு இறங்கிவிட்டது. உள்ளே ரத்தம் கசிந்திருந்தது. விழித்திரை மருத்துவர் சர்க்கரை எவ்வளவு என்று கேட்பார் என்று நினைத்து நோட்டுகளைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனோம். அவர் கேட்ட முதல் கேள்வி, "பிரஷர் எத்தனை ஆண்டுகளாக இப்படி இருக்கிறது?" 11 நோட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு என் கணவர் பதில் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தார். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அன்று அந்த மருத்துவர் ஒரு தாளில் வரைந்து காட்டியது இதுதான். விழித்திரையில் ஓடும் ரத்தக்குழாய்கள் மயிரிழையைவிட மெல்லியவை. அவற்றின் சுவரைத் தாங்கிப் பிடிக்கும் செல்களை அதிகச் சர்க்கரை மெல்ல மெல்ல அழிக்கிறது. தாங்கல் போன இடத்தில் சுவர் சிறு குமிழாகப் புடைக்கிறது. ஆரோக்கியமான விழித்திரை அழுத்தம் கூடினால் தன் குழாய்களைத் தானே சுருக்கிக்கொள்ளும். நீரிழிவில் அந்தத் திறமை குன்றிவிடுகிறது. ஆகவே உடம்பில் ஏறும் அழுத்தம் முழுவதும் அந்தப் பலவீனமான சுவரில் போய் முட்டுகிறது. நீர் கசிகிறது, அதோடு ரத்தத்தில் இருக்கும் கொழுப்பும் கசிந்து மஞ்சள் திட்டுகளாகப் படிகிறது. நடுப்பார்வை தரும் இடத்தில் அது நடந்தால் எழுத்து கலைந்துவிடுகிறது. அடைபட்ட குழாய்களுக்கு மாற்றாகப் புதுக் குழாய்கள் முளைக்கின்றன. அவை எளிதில் உடையக்கூடியவை. என் கணவருக்கு உடைந்தது அதுதான்.

இதெல்லாம் தாங்கள் அறியாததல்ல. இரண்டாம் வகை நீரிழிவைப் பற்றிப் பிரிட்டனில் நடத்திய யுகேபிடிஎஸ் ஆய்வின் முடிவுகள் 1998இலேயே வெளிவந்துவிட்டன. அதில் ஒரு பிரிவினருக்கு ரத்த அழுத்தம் சராசரியாக 154/87, இன்னொரு பிரிவினருக்கு 144/82. மேல் எண்ணில் வித்தியாசம் வெறும் 10 புள்ளி. ஆனால் குறைந்த அழுத்தக்காரர்களிடம் விழித்திரை மோசமடைவது 34 சதவீதம் குறைந்தது. பார்வை அட்டையில் மூன்று வரிகளை இழக்கும் ஆபத்து 47 சதவீதம் குறைந்தது. என் கணவருக்கு "சகஜம்" என்று சொல்லப்பட்ட 156ஐயும் அந்த 154ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தூக்கம் போய்விடுகிறது. அதே ஆய்வில் சேர்ந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல், சர்க்கரை கண்டறியப்பட்ட வேளையிலேயே விழித்திரையில் பாதிப்பின் அறிகுறி இருந்தது. நோய் இருப்பதே தெரியாத நாட்களில் ஒருவர் எந்த அலட்சியத்தைச் செய்திருக்க முடியும்?

சர்க்கரைக் கட்டுப்பாடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் முதலில் அதுதான். முதல் வகை நீரிழிவு உள்ள 1441 பேரை வைத்து நடந்த டிசிசிடி ஆய்வு 1993இல் அதை ஐயத்துக்கு இடமின்றி நிறுவியது. தீவிரக் கட்டுப்பாட்டில் இருந்தவர்களுக்குக் கண் பாதிப்பு புதிதாகத் தோன்றும் ஆபத்து 76 சதவீதம் குறைந்தது. அதிலும்கூட அது 100 சதவீதம் இல்லை. மிச்சம் இருப்பவர்களும் மனிதர்கள்தாம். நோய் எத்தனை ஆண்டுகளாக இருக்கிறது, அழுத்தம் எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, சிறுநீரகம் எப்படி என்று எல்லாம் சேர்ந்துதான் கண்ணைத் தீர்மானிக்கின்றன. இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களை வைத்து நடந்து 2010இல் வந்த அக்கார்டு ஆய்வில், கொழுப்புக்கான ஃபெனோஃபைப்ரேட் மருந்தை ஸ்டாட்டின் என்ற இன்னொரு கொழுப்பு மருந்துடன் சேர்த்து எடுத்தவர்களில் நான்கு ஆண்டுகளில் கண் பாதிப்பு முற்றியது 6.5 சதவீதம் பேருக்கு; எடுக்காதவர்களில் 10.2 சதவீதம். அது சிறுநீரகத்தைப் பார்த்து மருத்துவர் தர வேண்டிய மருந்து, யாரும் தாமாக வாங்கி விழுங்கக் கூடாது. அழுத்தத்தை 120க்கும் கீழே இறக்கியதில் கண்ணுக்குக் கூடுதல் பலன் தெரியவில்லை என்பதும் அதே ஆய்வில் வந்ததுதான். இவ்வளவு விஷயம் இருக்கும்போது ஒரே வரியில் "அலட்சியம்" என்று முடித்துவிட உங்கள் பக்கத்துக்கு எப்படி மனம் வந்தது?

மனம் திறந்து எழுத உட்கார்ந்ததால் பழையவற்றையும் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு மூன்றே மாதத்தில் சர்க்கரையை விரட்டுவது பற்றி ஒரு தொடர் வெளியிட்டீர்கள். பல ஆண்டுகள் உயர்ந்தே இருந்த சர்க்கரையைச் சட்டென்று இறக்கினால், முதல் ஓராண்டில் ஏற்கெனவே பாதித்த விழித்திரை மேலும் மோசமாகலாம். மேலே சொன்ன டிசிசிடியில் கண்டதுதான் இது. நாளடைவில் நன்மையே என்பதால் அதற்குப் பயந்து கட்டுப்பாட்டைக் கைவிட வேண்டியதில்லை. ஆனால் முதலில் கண்ணைக் காட்டிவிட்டுத் தொடங்குங்கள் என்று எழுத ஒரு வரி போதுமே! ஆறு வாரத் தொடரில் அந்த ஒரு வரிக்கு இடம் கிடைக்கவில்லை. அதே பக்கத்தின் அடியில், நீரிழிவை வேரோடு அறுப்பதாகச் சொல்லும் சூரண விளம்பரத்துக்கு இடம் கிடைத்தது.

இன்னொன்று. மருத்துவப் பக்கத்தை நீல வண்ணத்தின் மேல் வெளிர் எழுத்தில் அச்சிடுகிறீர்கள். இடக்கண்ணை லேசராலும் ஊசியாலும் காப்பாற்றிக்கொண்டு வந்த புதிதில், என் கணவர் பெரிய எழுத்துகளைத் தாமே படிக்க முயன்றுகொண்டிருந்தார். செய்திப் பக்கத் தலைப்புகளைப் படித்துவிடுவார். மருத்துவப் பக்கத்தில் மட்டும் ஒரு சொல்லும் பிடிபடவில்லை. கண் மங்கியவர்களுக்கான பக்கத்தைக் கண் மங்கியவர்கள் படிக்க முடியவில்லை என்று அப்போது ஒரு கடிதம் எழுதினேன். அதில் உங்கள் இதழைப் பாராட்டிய முதல் இரண்டு வரிகள் மட்டும் வெளியாயின. அவர் அதன் பிறகு தாமாகப் படிக்க முயல்வதை விட்டுவிட்டார்.

நான் கேட்பது பெரிதல்ல. அதே பக்கத்தில் அதே அளவு எழுத்தில், வெள்ளைத் தாளில் கறுப்பு மையில், ஒரு திருத்தம் வெளியிடுங்கள். சர்க்கரை கட்டுக்குள் இருந்தாலும் கண் பாதிப்பு வரலாம் என்று அதில் இருக்க வேண்டும். இரண்டாம் வகை என்றால் நோய் தெரிந்த உடனேயும், முதல் வகை என்றால் ஐந்து ஆண்டுகளுக்குள்ளும் பாவையை விரித்துக் கண்ணைப் பார்க்க வேண்டும், பிறகு மருத்துவர் வேறு மாதிரி சொன்னாலொழிய ஆண்டுக்கு ஒரு முறை பார்க்க வேண்டும் என்று இருக்க வேண்டும். ரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் சிறுநீர்ப் புரதத்தையும் சர்க்கரையோடு சேர்த்தே குறித்து வைக்கச் சொல்ல வேண்டும். "அலட்சியத்தால்தான்" என்ற சொல்லைத் திரும்பப் பெற வேண்டும்.

இடம் போதாது என்றால் என் வருத்தத்தை எழுதிய பகுதியை வெட்டிக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தம் பற்றிய பத்தியை மட்டும் தயவுசெய்து தொட வேண்டாம். வரும் இதழை வழக்கம்போல முதல் பக்கத்திலிருந்து அவருக்கு வாசிப்பேன்.

இப்படிக்கு,
நெடுங்கால வாசகி ஒருவர்