'தையல் இல்லா ஆபரேஷன்' விளம்பரமும் உள்ளே விழும் முடிச்சும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். "தையல் இல்லை, தழும்பு இல்லை" என்று லேப்ராஸ்கோப்பி (சிறு துளைகள் வழியே கேமராவும் நீண்ட கருவிகளும் நுழைத்துச் செய்யும்) அறுவை சிகிச்சைக்கு வேலூர் வட்டாரத்தில் விளம்பரம் செய்கிறார்கள். வெளியே தெரிவது 5, 10 மில்லிமீட்டர் துளைகள்தான், அதுவரை சரி. ஆனால் உள்ளே குடல்வாலின் அடியைக் கட்டுவது பெரும்பாலும் நூல். பித்தப்பைக் குழாய், அதை அடைக்கப் போடும் கிளிப்பின் வாய்க்குள் அடங்காத அளவுக்குத் தடித்திருந்தால் அங்கேயும் நூல்தான் கைகொடுக்கும். அந்த முடிச்சைப் போடத் தெரியாதவர், ஆயத்தமாகக் கட்டிவரும் விலையுயர்ந்த சுருக்கு கையிருப்பில் இல்லாத அன்று வயிற்றைத் திறக்கத்தான் வேண்டியிருக்கும்.

வெளியே போட்டு உள்ளே தள்ளும் முடிச்சுகளில் மூத்தது ரோடர் முடிச்சு. டான்சில் அறுவைக்காகத் தோன்றிய அதை வயிற்றுக்குக் கொண்டுவந்தவர், 1980-ல் லேப்ராஸ்கோப்பி வழியே முதன்முதலில் குடல்வாலை அகற்றிய ஜெர்மன் மருத்துவர் கர்ட் செம். 90 சென்டிமீட்டர் நூலின் இரு முனைகளும் ஒரே போர்ட் (துளையில் செருகிய குழாய்) வழியாக வெளியே இருக்க வேண்டும். ஒரு முடி (அரை முடிச்சு), பிறகு இரண்டு இழைகளையும் சேர்த்து மூன்று சுற்று, கடைசியில் ஒரே இழையைப் பிடித்து ஒரு பூட்டு. இது கேட்கட் நூலுக்கானது. கேட்கட் ஈரத்தில் ஊறி உப்பி முடிச்சைத் தானே இறுக்கிக்கொள்ளும். செயற்கை நூல் அப்படி உப்பாது, வழுக்கும். அதற்கு இரண்டு முடி, மூன்று சுற்று, இரண்டு பூட்டு என்ற மெல்ட்சர் முடிச்சுதான் பாதுகாப்பு. 'எல்லாம் ஒன்றுதான்' என்று விக்ரில் என்ற செயற்கை நூலில் ரோடரைப் போடுவது தவறு.

தள்ளும்போதும் கவனம் வேண்டும். முடிச்சை உள்ளே தள்ளும் கருவியான நாட் புஷரின் நுனி எங்கே ஊன்றுகிறதோ அங்கேதான் முடிச்சு உட்காரும். ஆகவே முதலில் நுனியைக் கட்ட வேண்டிய இடத்தில் வைத்து, அதன் பிறகே நூலை இழுக்க வேண்டும். நூலை வெளியே எடுக்கும்போது திசுவுக்கு அடியில் ஒரு கருவியைத் தாங்கலாகக் கொடுக்காவிட்டால் நூல் ரம்பம் போல அறுத்துவிடும். போர்ட்டை விரலால் மூடாவிட்டால் வயிற்றை உப்பவைக்க நிரப்பிய கார்பன் டை ஆக்சைடு கசிந்து, வயிறு தளர்ந்து, திரையில் ஒன்றும் தெரியாது. குடல்வாலில் அடியில் இரண்டு கட்டு, சற்றுத் தள்ளி ஒன்று, இடையில் வெட்டு. மிச்சம் அரை சென்டிமீட்டருக்கு மேல் போனால் அந்தத் துண்டிலேயே மறுபடி அழற்சி வரலாம். அடிப்பாகமே அழுகியிருந்தால் சுருக்கை நம்பக்கூடாது, இறுக்கினால் அறுந்துவிடும்.

உள்ளேயே போடும் முடிச்சுதான் கடினம். அறுந்த இழையை முடியும் குடியாத்தம் நெசவாளர் இறுக்கத்தை விரல் நுனியில் உணர்வார். ஒரு அடிக்கு மேல் நீண்ட கருவியின் நுனியில் அந்த உணர்வு மங்கிவிடும். கை வலப்பக்கம் போனால் நுனி இடப்பக்கம் போகும், சாதாரணத் திரையில் ஆழமும் தெரியாது. நூல் 12 முதல் 15 சென்டிமீட்டர் போதும். அதைவிட நீண்டால் கேமராவில் சுற்றும். வால் முனை (ஊசி இல்லாத முனை) 2 சென்டிமீட்டர் விட வேண்டும். வால் நீளமானால் நடுவில் பிடித்து இழுப்பார்கள். முனை வெளிவராமல் ஷூ கயிற்றுச் சுருக்காக நின்றுவிடும். நூலை ஆங்கில 'சி' எழுத்து போல வளைத்து வைத்து, முதலில் இரட்டைச் சுற்று, அடுத்து எதிர்த்திசையில் ஒரு சுற்று, மூன்றாவது மறுபடி முதல் திசையில். திசையை மாற்றாவிட்டால் அது 'கிரானி' முடிச்சு. பார்க்க அழகாக இருக்கும், அவிழ்ந்துவிடும். ஒற்றை இழை நூலாக இருந்தால் ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்தாறு முடி தேவை. வெட்டும்போது 5 மில்லிமீட்டர் விட வேண்டும்.

இதையெல்லாம் நோயாளியின் வயிற்றில் கற்க வேண்டியதில்லை. ஓர் அட்டைப்பெட்டி, உள்ளே விளக்கு, படம் காட்ட ஒரு செல்போன் இருந்தால் போதும். இரண்டு கருவிகளும் சுமார் 60 டிகிரி கோணத்தில் சந்திக்கும்படி துளை போட வேண்டும். நெருக்கமாகப் போட்டால் ஒன்றோடொன்று இடிக்கும். தைத்துப் பழக ராணிப்பேட்டைத் தோல் துண்டு வேண்டாம், ஊசி மழுங்கும். ஆம்பூர் ஷூக்களுக்குள் வைக்கும் மெல்லிய ஃபோமைக் கீறிக்கொள்ளலாம். முடித்ததும் கீறலை இருபுறமும் இழுத்துப் பார்க்க வேண்டும். இடைவெளி திறந்தால் அந்த முடிச்சு செல்லாது, எத்தனை நிமிடத்தில் போட்டார் என்ற கணக்கெல்லாம் அப்புறம்.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் லேப்ராஸ்கோப்பி செய்யும் ஒவ்வொரு மருத்துவமனையும், அரசோ தனியாரோ, இளநிலை மருத்துவர்களுக்கு இப்படி ஒரு பெட்டியை வைக்க வேண்டும். காலாவதியான நூல்களை அதற்கே கொடுக்கலாம். 'பயிற்சிக்கு மட்டும்' என்று எழுதி ஒட்டி, ஆபரேஷன் தியேட்டர் அலமாரிக்கு வெளியே பூட்டி வைப்பது முக்கியம்.

இப்படிக்கு,
அறுவை சிகிச்சைப் பயிற்சியாளர்கள் சிலர்,
வேலூர்.