பிட்டருக்கும் வெல்டருக்கும் சபையில் ஊழியம் உண்டு

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். உக்கிராணத்துவம், அதாவது ஆண்டவர் நம்மிடம் ஒப்புவித்ததைப் பொறுப்போடு பயன்படுத்துவது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மல்கியா 3:10-ல் தொடங்கி தசமபாகத்தோடு, அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு கொடுப்பதோடு முடிந்துவிட்டது. தசமபாகம் கொடுக்கவேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் ஆண்டவர் நம் பணத்துக்கு மட்டும்தான் கணக்குக் கேட்பாரா? நம் கைவேலைக்கும் நேரத்துக்கும் கேட்கமாட்டாரா?

நான் பெரம்பூர்க்காரன். 1955-ல் ஐசிஎஃப் என்கிற ரயில் பெட்டித் தொழிற்சாலை வருவதற்கு முன்பே இது ரயில்வே பட்டறை ஊர். இந்தப் பக்கத்துச் சபைகளில் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்திருப்பவர்களில் ஓய்வு பெற்ற பிட்டர், வெல்டர், எலெக்ட்ரீஷியன், நர்ஸ், பேங்க் ஊழியர், வாத்தியார் எல்லோரும் உண்டு. பாட வந்தால் பாடகர் குழுவில் சேர்த்துக்கொள்கிறோம். பேச வந்தால் வேதபாடம் எடுக்கச் சொல்கிறோம். ஆயுசு முழுக்க ரயில் பெட்டிக்கு ஒயரிங் செய்தவருக்கு என்ன கொடுக்கிறோம்? காணிக்கைப் பையைத்தான். அவரும் ஊழியம் தனக்கானது இல்லை என்று ஒதுங்கியே இருக்கிறார்.

வேதம் அப்படி ஒதுக்கவில்லை. யாத்திராகமம் 31-ல் கர்த்தர் பெசலெயேலைப் பேர்சொல்லி அழைத்து, தேவ ஆவியினால் நிரப்பினதாகச் சொல்கிறார். அந்த மனிதர் பொன், வெள்ளி, வெண்கலம், கல், மரம் ஆகியவற்றில் வேலை செய்கிற கைவினைஞர். யோப்பாவில் தொற்காள் இறந்தபோது, அவள் தைத்துக்கொடுத்த அங்கிகளைப் பேதுருவிடம் காட்டித்தான் விதவைகள் அழுதார்கள். அவள் எங்கேயும் பிரசங்கம் பண்ணினதாக அப்போஸ்தலர் நடபடிகள் சொல்லவில்லை. தையல்தான் அவள் ஊழியம்.

எஜமான் கொடுத்த தாலந்துகளை ஊழியக்காரர் என்ன செய்தார்கள் என்று இயேசு சொன்ன உவமையைக் கேட்கும்போதெல்லாம், ஒரே ஒரு தாலந்து வாங்கி அதை மண்ணில் புதைத்துவைத்தவனுக்காக நாம் பரிதாபப்படுகிறோம். ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 பணம் (அந்தக் காலத்து வெள்ளிக்காசு). மத்தேயு 20-ன்படி ஒரு பணம் ஒரு நாள் கூலி. வருடத்துக்கு 300 வேலைநாள் என்று வைத்தால், அவன் புதைத்தது சுமார் 20 வருடக் கூலி! "எனக்கென்ன தெரியும், என்னை விடுங்க" என்கிற ஓய்வு பெற்ற தொழிலாளியிடமும் அவ்வளவு இருக்கிறது. அவரிடம் போய்க் கேட்கத்தான் ஆள் இல்லை.

தேவையோ கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. வியாசர்பாடியில் பிளஸ் டூ கணக்குக்கு டியூஷன் பணம் கட்டமுடியாத பிள்ளைகள் இருக்கிறார்கள். முதியோர் உதவித்தொகைக்கு எந்தக் காகிதத்தை எங்கே கொடுப்பது என்று தெரியாமல் அலைகிற பாட்டிகள் இருக்கிறார்கள். மழைக்காலத்தில் சுவரைத் தொட்டால் ஷாக் அடிக்கிற வீடுகள் எத்தனையோ. ஒரு எலெக்ட்ரீஷியன் அரை நாள் செலவழித்தால் அந்த வீட்டில் ஓர் உயிர் பிழைக்கும். நம் மண்டபங்களையும் சொல்லவேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் இந்த நகரத்துச் சபைகள் பல, மண்டபத்தைத் திறந்து, வந்தவர்களை என்ன மதம் என்று கேட்காமல் தங்கவைத்துச் சோறு போட்டன. வெள்ளம் இல்லாத நாளில் சாயங்கால டியூஷனுக்கு அதே கதவைத் திறந்தால் என்ன?

சபையில் விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகையில், காணிக்கைப் பொருள்களை ஏலம் விடும்போது ஒரு தேங்காயை ஆயிரக்கணக்கில் எடுக்கிறார்கள். அந்த உற்சாகம் நல்லதுதான், அது இருக்கட்டும். அன்றைக்கே பக்கத்தில் ஒரு மேசை போட்டு, ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். பெயர், தெரிந்த வேலை, மாதத்தில் எத்தனை மணி நேரம் தரமுடியும் என்று எழுதி வாங்குங்கள். அப்புறம் கமிட்டியில் ஒருவர் பொறுப்பெடுத்து, தேவைப்படும் வீட்டுக்கு ஆளை அனுப்பவேண்டும். ஆராதனை முடிந்ததும் ஒரு நர்ஸ் பெரியவர்களுக்கு பிபி பார்க்கலாம். இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். தினக்கூலிக்குப் போகிற கொத்தனாரிடம் ஒரு நாளை இலவசமாகக் கேட்பது அநியாயம். அவரவர் வரவுக்குத் தக்கதாகச் சேர்த்துவைக்கும்படி கொரிந்து சபைக்குப் பவுல் எழுதினாரே, நேரத்துக்கும் அந்த அளவுதான். ஏற்கெனவே வீட்டு வேலையும் சபை வேலையும் சேர்த்துச் சுமக்கிற பெண்கள் தலையிலேயே இதையும் கட்டிவிடக் கூடாது. ஓய்வூதியமும் ஓய்வு நேரமும் உள்ள என்னைப் போன்ற ஆண்கள்தான் முதலில் பெயர் கொடுக்கவேண்டும்.

இப்படி ஏற்கெனவே செய்துவருகிற சபைகள் சென்னையில் இருந்தால், எப்படி நடத்துகிறார்கள், எங்கே சிக்கல் வந்தது என்று உங்கள் இதழில் விவரமாக வெளியிடுங்கள். எங்கள் கமிட்டியிடம் அந்தப் பக்கங்களைக் காட்டிப் பேச நான் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பெரம்பூர், சென்னை