கறுப்பு பிளேட் மட்டும் மாறினால் போதும்

லண்டன்,
தை 10

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். அப்பா, மதினி, பிள்ளைகள் நலமறிய ஆவல். உங்கள் கடிதம் வந்து மாதம் ஒன்றாகிறது. குளிரில் விரல் மடங்கவில்லை என்று சாக்குச் சொன்னால் மதினி நம்பமாட்டார்கள்.

காலண்டரும் டைரியும் அடித்த நம் பிரஸ்ஸுக்குக் குழந்தைகள் படப்புத்தகம் வந்திருப்பது சந்தோஷம். ஆனால் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் தனித்தனி அச்சுத் தகடு, அதாவது பிளேட் செட் போட்டு விலை சொல்லியிருக்கிறீர்கள். அது வேண்டாம்.

டெமித் தாளின் கால் அளவில் 32 பக்கம் என்றால் 23க்கு 36 அங்குலத் தாளில் இரண்டு பாரம், பாரத்துக்கு 16 பக்கம். தாளின் இருபக்கமும் நாலு நிறம், நிறத்துக்கு ஒரு பிளேட், ஆக 16 பிளேட். எழுத்து முழுவதையும் கறுப்பில் மட்டும் வைத்தால் ஆங்கிலத்துக்குக் கூடுதலாக நாலே பிளேட்தான். இங்கே ஒரே புத்தகத்தைப் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் அடிப்பது இப்படித்தான். கறுப்பு ஓவர்பிரிண்டில், அதாவது மற்ற நிறங்களின் மேலேயே விழும்படி, இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். இல்லாவிட்டால் ஆங்கில வரிக்கு அடியில் தமிழ் எழுத்து வெள்ளையாகப் பல்லிளிக்கும். படத்துக்குள் நிறத்தை விட்டு வெள்ளையாகத் தெரியும் ரிவர்ஸ் எழுத்து கூடவே கூடாது. ஓவியர் கடைப் பலகை வரைந்தால் பெயரை எழுதாமல் விடச் சொல்லுங்கள்.

தமிழ் வரி நீளும், அதற்கு இடம் விட்டே படம் வரையவேண்டும். ஆறு வயதுக்கு 20 பாயிண்ட் எழுத்து, 32 பாயிண்ட் வரி இடைவெளி. நெருக்கினால் மேல்வரி 'பூ'வின் வால் கீழ்வரி 'கீ'யின் சுழியில் மோதும். வரி நிரம்பவில்லையென்று எழுத்துகளை இழுத்துப் பரப்பவேண்டாம். 'கொ' மூன்று துண்டாகும், எழுத்துக் கூட்டும் பிள்ளை திணறும். பக்கம் அமைக்கிற இன்டிசைன் மென்பொருளில் வேர்ல்ட் ரெடி கம்போஸர் என்ற வசதியைப் போடாவிட்டால் கொம்பு இடம்மாறி நிற்கும். இடப்பக்கம் மட்டும் நேராக இருக்கட்டும், மூச்சு விடுகிற இடத்தில் வரியை உடையுங்கள்.

பக்கத்து வீட்டுப் பெரியவருக்குக் காது மந்தம். பேரனுக்கு அவர் கதை படிப்பது சுவர் தாண்டிக் கேட்கும். நான் செய்யும் மாதிரிப் புத்தகத்தை, அதாவது டம்மியை, அவரிடம்தான் கொடுப்பேன். அவர் தடுக்குகிற இடத்தில் வரி தப்பாக உடைந்திருக்கும். பையன் கட்டைவிரல் வைப்பது எப்போதும் கீழ் மூலையில், அங்கே எழுத்து வைப்பதில்லை. நீங்களும் வெள்ளைத் தாளை மடித்து டம்மி செய்யுங்கள். 'ஆட்டுக்குட்டி எங்கே?' வலப்பக்கக் கடைசியில் வந்தால்தான் பிள்ளை பக்கத்தைத் திருப்பும். எதிர்ப்பக்கத்திலேயே குட்டி நின்றால் கதை முடிந்தது.

நடு மடிப்பில் அடிக்கிற சென்டர் பின் போதும், புத்தகம் நன்றாக விரியும். ஆனாலும் முகத்தை நடு மடிப்பில் வைக்காதீர்கள். நடுப்பாரத் தாள் ஒரு மில்லிமீட்டர் வெளியே தள்ளும், ஓரத்துப் பக்க எண் கட்டிங்கில் போய்விடும்.

முதல் ஷீட் வந்ததும் அப்பா மை காயுமுன் வாசல் வெயிலில் பிடித்துப் பார்ப்பாரே, அதை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். இங்கே வெயில் வந்தாலும் அந்த மாதிரி வருவதில்லை.

சாப்பாட்டுக்குக் குறையில்லை, மதினி கொடுத்த பருப்புப் பொடி இன்னும் இருக்கிறது. தங்கச்சி நிச்சயத்துக்கு என் பங்கு மாசிக் கடைசியில் வரும். பேங்கில் ஏதோ தாமதம், வேறொன்றுமில்லை. கட்டிங் மெஷினை விற்கிற பேச்சை அப்பா கண் ஆபரேஷன் முடியும்வரை எடுக்கவேண்டாம் என்று சித்தப்பாவிடம் சொல்லுங்கள். அட்வான்ஸ் வாங்காமல் தாள் எடுக்காதீர்கள்.

அன்புத் தம்பி