அஸ்திவாரப் பைலில் இருந்து ஆரம்பி, பாப்பா

சென்னை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுறேன். நீ அனுப்பிய ஆஸ்பத்திரிக் கட்டிட டிராயிங்கைப் பார்த்தேன். ஆறு தளம், தூணுக்குத் தூண் 8.4 மீட்டர் கிரிட், ஸ்டீல் பிரேம், இரும்புத் தகட்டின் மேல் கான்கிரீட் போட்ட டெக் ஸ்லாப். இப்போது எல்லாவற்றையும் கான்கிரீட்டுக்கு மாற்றச் சொல்கிறார்கள். நீயும் ஒவ்வொரு ஸ்டீல் பீமுக்கும் நேராக ஒரு கான்கிரீட் பீமை எழுதிக்கொண்டே போயிருக்கிறாய். அந்தப் பட்டியலை மூடி வை. முதல் வேலை எடை.

டெக் ஸ்லாபும் ஸ்டீல் பீமும் சேர்ந்து சதுர மீட்டருக்குச் சுமார் 3 கிலோநியூட்டன். 150 மி.மீ. ஸ்லாபும் 650 ஆழ பீமும் போட்டால் 5.5 வரும். நடுத்தூண் ஒன்று சுமக்கும் பரப்பு 70 சதுர மீட்டர். ஆக ஒரு தளத்துக்கு 18 டன் கூடுதல், ஆறு தளத்துக்கு 105 டன்னைத் தாண்டும். தூணின் சொந்த எடை தனி. கிண்டிப் பக்கம் மாதிரி பாறை மேலேயே கிடைத்தால் சமாளிக்கலாம். உன் சைட் பள்ளிக்கரணைப் பக்கத்துக் களிமண். பழைய கணக்குக்குப் போட்ட பைல், அதாவது மண்ணுக்குள் ஆழமாக இறங்கும் அஸ்திவாரத் தூண், இதைத் தாங்குமா என்று பார்க்காமல் மேலே ஒரு கோடுகூட இழுக்காதே. பைல் ஏற்கெனவே இறங்கிவிட்டது என்றால் கூடுதல் பைல் போட்டு பைல்களின் தலைகளைச் சேர்த்துக் கட்டும் பைல் கேப்பை அகலப்படுத்த வேண்டும். புதுப் பைல் ஒரு பக்கமாக விழுந்தால் கேப்பில் ஏற்படும் சாய்வு விசையையும் சேர்த்துக்கொள். உள்சுவர்களுக்குச் செங்கல்லை விட்டு ஏ.ஏ.சி. என்ற காற்றுக்குமிழி நிறைந்த லேசான கான்கிரீட் பிளாக் போட்டால் கொஞ்சம் எடை இறங்கும். ஆனால் வார்டு பாத்ரூம் கைப்பிடிகள் அதில் நிற்காது, அந்த இடங்களுக்கு மட்டும் செங்கல்லோ கான்கிரீட் பட்டையோ வை.

பீமே வேண்டாம், தூண் மேலேயே நேராக உட்காரும் பிளாட் ஸ்லாப் போட்டால் காற்றுக் குழாயான டக்ட் சுலபமாக ஓடும் என்று ஏ.சி. ஆட்கள் கேட்பார்கள். நிலநடுக்கத்துக்கான இந்திய விதி ஐ.எஸ். 1893, 2016 பதிப்பில் சென்னை மூன்றாம் மண்டலம், மருத்துவமனைக்கு முக்கியத்துவக் காரணி 1.5. உடையாமல் வளைந்து கொடுக்கும் டக்டைல் பிரேமும், பக்கவாட்டு விசையைத் தாங்கும் கான்கிரீட் சுவரான ஷியர் வாலும் சேர்ந்தால், விசையை வகுக்கும் ஆர் மதிப்பு 5, பிளாட் ஸ்லாபும் ஷியர் வாலும் என்றால் 3. மற்றதெல்லாம் அப்படியே இருந்தாலும் நிலநடுக்க விசை மூன்றில் இரண்டு பங்கு ஏறிவிடும். எடையும் கூடியிருக்கிற கட்டிடத்தில் இது வேண்டாத வம்பு. உள்ளே ஸ்டீல் கேபிளை (டெண்டன்) இழுத்து இறுக்கும் போஸ்ட் டென்ஷன் ஸ்லாபும் எனக்குப் பிடிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் வருஷா வருஷம் எதையாவது இடித்து மாற்றுவார்கள். கோர் கட்டிங் மெஷின் ஒரு டெண்டனை அறுத்தால் போச்சு. பீம்-ஸ்லாப் போடு, லிப்ட், படிக்கட்டைச் சுற்றி ஷியர் வாலை நிறுத்து.

ஸ்டீல் பீமின் நடுத்தகட்டில் (வெப்) பிறகுகூடக் கணக்குப் பார்த்து ஓட்டை போடலாம். கான்கிரீட்டில் குழாய் போகும் ஸ்லீவ் எல்லாம் கான்கிரீட் போடுவதற்கு முன்பே உள்ளே இருக்கணும்: பீம் ஆழத்தின் நடு மூன்றில் ஒரு பங்கில், தூண் முகத்திலிருந்து பீம் ஆழத்தைப் போல் இரண்டு மடங்கு தள்ளி. பிளம்பிங் டிராயிங் வராமல் ஸ்லாப் போட அனுமதிக்காதே. தள உயரத்தையும் பார். 4.2 மீட்டரில் பீம் 650, தரைப்பூச்சு 50, டக்ட் 450, ஸ்பிரிங்க்ளரும் லைட்டும் 250, மிச்சம் 2.8 மீட்டர். வார்டுக்குப் போதும். ஆபரேஷன் தியேட்டரில் சுத்தக் காற்றை இறக்கும் ஹெப்பா பிளீனமும், கருவிகளைத் தாங்கிக் கூரையிலிருந்து தொங்கும் பெண்டன்டும் இருக்கிறது, அந்தத் தளத்துக்கு 4.5 கேள். பெண்டன்டைத் தொங்கவிடும் தகடும் போல்ட்டும் ஸ்லாபுக்குள் முன்பே பதிந்திருக்கட்டும்.

தூணில் ஒரு சிக்கல் இருக்கிறது. தீத்தடுப்புப் பூச்சோடு 400 மி.மீ. இருந்த தூண் இப்போது 450க்கு 750 ஆகும். காரிடார் ஓரமாக நிற்கும் தூணை அதே மையத்தில் வைத்தால், குறுக்கு வாட்டத்தில் 175 மி.மீ. காரிடாருக்குள் நீட்டும். அங்கே கட்டில் எதிரெதிரே தாண்ட 2.4 மீட்டர் வேண்டும். தூணின் காரிடார் முகத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு மையத்தை அறைப்பக்கம் தள்ளு. தள்ளியதால் வரும் மையவிலகலைப் பைல் கேப் வரை கொண்டுபோ.

பாரம் நிலையாக இருக்க இருக்க மெல்ல மெல்ல வளைந்துகொண்டே போவது க்ரீப். ஸ்டீலில் அது கிடையாது, கான்கிரீட்டில் உண்டு. சுவரெல்லாம் கட்டி முடித்த பிறகு பீம் இன்னும் கொஞ்சம் தொய்யும். கான்கிரீட் விதி ஐ.எஸ். 456 அதற்கு 20 மி.மீ. வரை விடுகிறது. ஆனால் தியேட்டரின் காற்றுப்புகா நகரும் கதவு மேலே ரெயிலில் ஓடுகிறது, 10 மி.மீ. தொய்ந்தாலே ரப்பர் தரையை உரசும், ஒரு ஓரத்தில் இடைவெளி விழும். யாரும் பீமைக் குற்றம் சொல்ல மாட்டார்கள், கதவுக்காரரைத்தான் கூப்பிடுவார்கள். கதவுக்கு மேலே வரும் பீமை மட்டும் ஆழப்படுத்து. முட்டு எடுக்க 21 நாளுக்குக் குறைவாக விடாதே, 6 மீட்டரைத் தாண்டிய பீம் அது.

கட்டிடம் 70 மீட்டர் நீளம். 45 மீட்டரைத் தாண்டினால் கான்கிரீட்டுக்கு, சூட்டில் விரிய இடம் விடும் எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட் வேண்டும். தியேட்டர், ஐ.சி.யூ. இரண்டிலும் அந்தக் கோடு விழக்கூடாது. காரிடாரைக் கடக்கும் இடத்தில் தரையோடு சமமாக உட்காரும் கவர் போடு, இல்லையென்றால் ஸ்ட்ரெச்சர் சக்கரம் ஒவ்வொரு முறையும் தட்டும்.

பீமும் தூணும் சேரும் இடத்தை 1:1 அளவில் வரைந்து பார். கம்பிகளைச் சுற்றும் ரிங் 135 டிகிரி கொக்கியோடு, தூண் கம்பிகள் ஒன்றோடு ஒன்று சேரும் லேப் தள உயரத்தின் நடுப்பகுதியில். வரைந்த பிறகு 40 மி.மீ. வைப்ரேட்டர் ஊசி உள்ளே இறங்க வழி இல்லையென்றால், அந்த ஜாயின்டில் தேன்கூடு போல ஓட்டை விழுவது நிச்சயம். தூணைப் பெரிதாக்கு, கம்பியை நெருக்காதே.

பைல் டெஸ்ட் ரிப்போர்ட் கையில் இருந்தால் ஸ்கேன் பண்ணி இன்றைக்கே அனுப்பு. மிச்சத்தை அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா