கால் எண்ணித் தந்தவர்களுக்கு

ரம்ப ஈக் கணக்கெடுப்பில் கைகொடுத்த எல்லோருக்கும்,

வணக்கம். குளவிக்கு உறவான ரம்ப ஈக்களைத் தேடிய களப்பணி முடிந்தது. மாதிரிகள் ஊசி குத்தப்பட்டுப் பெட்டிக்குள் போய்விட்டன. ஒவ்வொன்றின் கீழும் ஒரு சிறு சீட்டு உண்டு: இடம், தேதி, செடி, சேகரித்தவர். அந்தக் கடைசி வரியில் பாதிக்கு மேல் என் பெயர் இல்லை, உங்கள் பெயர்கள்தான். அதனால்தான் இந்த மடலை எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதல் நன்றி சிறுவர்களுக்கு. வண்ணத்துப்பூச்சிப் புழுவுக்கு மார்பில் மூன்று ஜோடிக் கால், வயிற்றில் அதிகம் போனால் ஐந்து ஜோடி. வயிற்றில் ஆறோ அதற்கு மேலோ இருந்தால் அநேகமாக ரம்ப ஈயின் புழு என்று ஒரே ஒரு முறைதான் சொன்னேன். மறுநாளே இலையோடு வந்து நின்றீர்கள். "அண்ணா, இதுக்குக் காலு ஜாஸ்தி. கண்ணும் பக்கத்துக்கு ஒரே ஒரு புள்ளிதான் இருக்கு!" கண்ணைப் பற்றி நான் சொல்லவே இல்லை. நீங்களாகவே பார்த்துக் கண்டுபிடித்த அடையாளம் அது, முழுக்கச் சரியானதும்கூட.

நிலத்தில் வலைப்பொறி கட்ட இடம் கொடுத்தவர்களுக்கு அடுத்த நன்றி. கூடாரம் போல நிற்கும் அந்தப் பொறியை உருவாக்கி 1937-ல் விவரித்து எழுதிய சுவீடன்காரர் ரெனே மலேஸ், தாமே ரம்ப ஈக்களை ஆராய்ந்தவர். கூடாரத்துக்குள் வந்த பூச்சிகள் மேல் மூலைக்கு ஏறுவதைக் கவனித்ததில் பிறந்த யோசனை அது. வாரக்கணக்கில் உழவுக்கும் நடைக்கும் இடைஞ்சலாக நின்ற அதை நீங்கள் பொறுத்துக்கொண்டீர்கள். காற்றில் கிழிந்தபோது, நான் வருவதற்குள் தைத்தும் வைத்திருந்தீர்கள்.

கடுகுப் பாத்தியின் ஒரு மூலைக்கு மருந்தடிக்காமல் விட்ட ஐயாவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். தொட்டதும் சுருண்டு விழுந்து செத்ததுபோல் கிடக்கும் அந்தக் கறுத்த ரம்ப ஈப் புழுக்கள் உங்களுக்கு நஷ்டம். தெரிந்தேதான் விட்டுக்கொடுத்தீர்கள்.

அக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது? புட்டியில் வளர்த்த புழுக்கள் திடீரென்று தின்பதை நிறுத்தி, நிறம் மங்கி, சுருங்கி அலைந்தபோது நோய் என்று நினைத்து ஒரு புட்டி முழுவதையும் கொட்டிவிட்டேன். இன்றும் மனசு ஆறவில்லை. அடுத்த புட்டியை நீங்கள்தான் வாங்கி, ஈர மண்ணை நாலு விரல் உயரத்துக்குப் போட்டு, "கீழ எறங்க எடம் தேடுது, விடு" என்றீர்கள். கடைசித் தோலை உரித்த பிறகு அவை தின்பதில்லை. மண்ணுக்குள் போய்க் கூடு கட்டும். மறுபருவத்தில் அந்த மண்ணைப் பிளந்துகொண்டு குளவிபோல் இடுப்பொடுங்காத ஒரு சின்னப் பெண் ஈ வெளிவந்தது. எந்தப் புழு எந்த ஈயாகிறது என்று அந்த இனத்துக்கு எனக்குக் கிடைத்த ஒரே சாட்சி அதுதான்.

பெயர் சூட்டும் வேலையில் துணைநின்ற நிபுணருக்கும் நன்றி. குளவி, தேனீ, எறும்பின் உறவுக்கார இனமாக இருந்தும் இவை கொட்டுவதில்லை. முட்டையிடும் உறுப்பே ரம்பம். இலையைக் கீறி அதற்குள் முட்டை வைக்கும். அந்த ரம்பத்தைத் தனியே பிரித்துக் கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் காட்டினீர்கள். வெளியே அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்த இரண்டு ஈக்களுக்குப் பல்வரிசை வேறு வேறாக இருந்தது. ஒரே இனமாக நான் எழுதியிருந்த வரியை அன்றே இரண்டாக்கினேன். அவசரப்படாமல், சந்தேகமான மாதிரிகளைச் சந்தேகமாகவே விடச் சொன்னதற்கு இன்னொரு நன்றி.

மண் போட்ட மூன்று புட்டிகள் இன்னும் என் மேசையில் இருக்கின்றன. வாரம் ஒருமுறை ஈரம் பார்க்கிறேன். ஏதாவது வெளியே வந்தால், புழுவைக் கொண்டுவந்து தந்தவருக்குத்தான் முதலில் சொல்லி அனுப்புவேன்.

அன்புடன்,
உங்கள் பூச்சிக்காரன்