கட்டி வைத்த பெட்டி

மாண்ட்ரியல்
17.1.1998, சனிக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

சேகர் எழுதுவது. நான் நலம். அடி எதுவும் படவில்லை, காய்ச்சல் இல்லை, பட்டினி கிடக்கவில்லை. இதை முதலிலேயே எழுதிவிட்டால் அம்மா மிச்சத்தை நிதானமாகக் கேட்கலாம்.

அப்பா டிசம்பர் 22 அன்று எழுதிய கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. "நீ வந்ததும் பேசிக்கொள்ளலாம்" என்று நான்கு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். தீபாவளிக்குப் பிறகு நான் ஒரு வரி எழுதவில்லை. எப்படியும் நேரில் வரப்போகிறோமே என்ற மெத்தனம். அதற்குத்தான் இந்தத் தண்டனை என்று பெரியத்தை சொல்வார், சொல்லட்டும்.

பத்தாம் தேதி செட்டியார் கடைக்குப் போன் செய்தேனே, அதில் நான் வரவில்லை என்பது மட்டும்தான் உங்களுக்கு வந்து சேர்ந்திருக்கும். "ஐஸ் மழையா? ஆலங்கட்டியா தம்பி?" என்று செட்டியார் கேட்டுக்கொண்டிருக்கும்போதே போன் கார்டு தீர்ந்துவிட்டது. ஆலங்கட்டி இல்லை. விவரமாகச் சொல்கிறேன்.

வெண்பனி கொட்டுவது எனக்கு இப்போது பழகிவிட்டது. அது இலவம்பஞ்சு மாதிரி, உதறிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். இது வேறு. ஜனவரி 5, திங்கட்கிழமை மழை பிடித்தது. ஐப்பசியில் திண்ணையில் உட்கார்ந்து பார்ப்போமே, அந்த மாதிரித் தூறல்தான். ஆனால் விழுந்த தண்ணீர் ஓடவில்லை, தொட்ட இடத்தில் உறைந்தது. தெற்கே மெக்ஸிகோ வளைகுடாவிலிருந்து வெதுவெதுப்பான ஈரக்காற்று வந்து மேலே படர்ந்துகொண்டதாம். கீழே இந்த ஆற்றுப் பள்ளத்தாக்கில் குளிர்காற்று நகராமல் உட்கார்ந்துவிட்டதாம். மேலே மழையாகக் கிளம்புவது, கீழே வந்து கம்பியையோ கிளையையோ தொட்டதும் கண்ணாடியாகிவிடுகிறது. விட்டுவிட்டு ஐந்து நாள் இதே கதை. பசிபிக் கடல் சூடான வருஷம், எல் நினோ, அதுதான் காரணம் என்று ரேடியோவில் ஒருவர் சொல்கிறார், இல்லை என்று இன்னொருவர். கார்த்திகையில் நம் வயலில் தண்ணீர் நின்றதற்கும் அப்பா அதே எல் நினோவைத்தான் திட்டியிருக்கிறீர்கள்!

முதல் நாள் பார்க்க அழகாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது. கீழ்வீட்டு மேடத்தின் துணிக்கொடி என் கட்டைவிரல் பருமன் ஆகிவிட்டது. அதில் எடுக்க மறந்த ஒரு கிளிப், புட்டிக்குள் அகப்பட்ட பூச்சி மாதிரி, பனிக்கட்டிக்கு நடுவில் தெரிந்தது. மறுநாள் இரவு மரக்கிளைகள் முறிய ஆரம்பித்தன. தீபாவளி விடியற்காலை போல டப், டப் என்று விடிய விடியச் சத்தம். அன்றே கரண்டும் போய்விட்டது.

கரண்ட் போனால் என்ன, நம்மூரில் போகாததா என்று ராஜு கேட்பான். இங்கே வீட்டுக்குச் சூடே கரண்டில்தான். வடக்கே பெரிய பெரிய அணைகள், கரண்ட் மலிவு, அதனால் அடுப்பு, வெந்நீர், சுவரோரச் சூட்டுப் பெட்டி எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. அதிலும் வேடிக்கை, எங்கள் எதிர்ச்சாரியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அங்கே ஒருவர் பனியனோடு டிவி பார்க்கிறார், இங்கே நான் கோட்டும் குல்லாயும் போட்டுப் படுத்திருக்கிறேன்.

ஆற்றுக்குத் தெற்கே நிலைமை இன்னும் மோசம். மின்கம்பி தாங்கும் இரும்புக் கோபுரங்கள் நூற்றுக்கணக்கில் மடிந்து விழுந்துவிட்டன. ஒன்று சாய்ந்தால் கம்பி அடுத்ததை இழுக்கிறது, அது அதற்கடுத்ததை. "நீ என்னதான் படிக்கிறாய்?" என்று சித்தப்பா கேட்பாரே, கோபுரம் விழாமல் நிற்பது எப்படி என்றுதான் படிக்கிறேன். எங்கள் புரொபசர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருக்கிறது.

இனி பயணத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை, 9-ஆம் தேதி சாயங்காலம் விமானம். லண்டன் வழியாக ஞாயிறன்று சென்னை, திங்கட்கிழமை வீடு, மறுநாள் போகி. கணக்கெல்லாம் சரியாகத்தான் இருந்தது. அந்த வெள்ளிக்கிழமைதான் இந்த ஊருக்கே கெட்ட நாள். நகர மையத்திலும் கரண்ட் போய், மெட்ரோ ரயில் நின்றுவிட்டது. மேலிருந்து பனிப்பாளம் பெயர்ந்து விழுகிறது என்று பாலங்களை மூடினார்கள். குடிநீர் சுத்தம் செய்யும் இடத்திலும் கரண்ட் இல்லை, தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று அறிவிப்பு. எதில் காய்ச்சுவது?

காலையிலேயே பெட்டியோடு இறங்கினேன். மேடம் வழிமறித்து, இறந்துபோன தன் கணவருடைய கம்பளிக் காலுறையைக் கொடுத்து, ஷூவுக்கு மேலே மாட்டச் சொன்னார். உள்ளே இல்லை, மேலே. அப்போதுதான் வழுக்காதாம். அந்தக் கோலத்தில் ஒரு மைல் நடந்திருப்பேன். இறக்கத்தில் பெட்டி எனக்கு முன்னால் தானாகவே போனது, நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால், மாட்டை ஓட்டிக்கொண்டு போகிறவன் மாதிரி. விழவில்லை. ஒரே ஒரு தரம் விழுந்தேன், முழங்கையில் சிராய்ப்பு, ஆறிவிட்டது.

மெட்ரோ வாசலில் இருந்த டெலிபோனில் டிராவல் ஏஜெண்டைப் பிடித்தேன். விமானம் ரத்து. அடுத்தது? தெரியாது. வரிசையில் எனக்குப் பின்னால் நின்றது யார் என்று பார்த்தால் நம் தங்கராசு அண்ணன், வேலைக்குப் போக முடியாமல் நிற்கிறார். "தம்பி, இண்டைக்கு ஒரு பிளேனும் வெளிக்கிடாது. வா, தேத்தண்ணி குடிப்பம்" என்றார். அவர் வீட்டில் காஸ் அடுப்பு. அவர் ஊருக்குப் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. எனக்காக அவர்தான் அதிகம் வருத்தப்பட்டார். என்னால் எதிரில் உட்கார்ந்து குறைபட்டுக்கொள்ள முடியவில்லை.

மேடத்தைப் பற்றி அம்மா எப்போதும் கேட்பாயே. இந்த ஏழெட்டு நாளில் அவரை நன்றாகத் தெரிந்துகொண்டேன். எழுபத்தாறு வயது. முகாமுக்கு வாருங்கள் என்று இரண்டு முறை ஆள் வந்து கூப்பிட்டும் போகவில்லை, பூனையை விட முடியாதாம். பிரெஞ்சிலும் நம்மைப் போல நீ, நீங்கள் உண்டு. மேடம் என்னை 'நீ' என்பார், பூனையை 'நீங்கள்' என்பார். "நீங்கள் சாப்பிட்டீர்களா?" அது பூனைக்கு. "நீ கதவைச் சாத்து." இது எனக்கு. மின்வாரியத் தலைவர் தினமும் கழுத்து மூடிய ஸ்வெட்டரோடு வந்து பேட்டி கொடுக்கிறார், அவர் மேல் மேடத்துக்கு ஒரே மதிப்பு. பாட்டரி ரேடியோவில் அவர் குரல் வந்தால் யாரும் மூச்சு விடக் கூடாது.

மேடத்தின் சமையலறையில் பழைய இரும்பு விறகடுப்பு ஒன்று மூலையில் கிடந்தது. மேலே பூச்சட்டி வைத்திருந்தார். அதை இறக்கி, குழாயைத் தட்டிச் சுத்தம் செய்து மூட்டினோம். விறகு வடக்கிலிருந்து லாரி லாரியாக வருகிறது. 1996 வெள்ளத்தில் மூழ்கிய சாகனே பக்கத்து ஜனங்களும் அனுப்புகிறார்களாம், அப்போது இவர்கள் உதவியதற்குப் பதில். எங்களுக்குக் கிடைத்தது கொஞ்சம் ஈர விறகு. ஒரே புகை. மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். நான் மாடிக்குப் போய், டிராயிங் சுருட்டி வைக்கும் அட்டைக் குழாயை எடுத்து வந்து, ஒரு பக்கம் கையால் குறுக்கி, ஊதுகுழலாக வைத்து ஊதினேன். பற்றிக்கொண்டது. பொறியியல் படிக்க வந்தவனிடம் அன்றுதான் மேடத்துக்கு முதல்முறை மரியாதை வந்தது. அம்மா, இது உன்னிடம் படித்த படிப்பு.

பொங்கலை விடவில்லை. இங்கே செவ்வாய் இரவு எட்டு மணி என்றால் அங்கே புதன் காலை ஆறரை. அந்த நேரத்துக்கே வைத்தேன். பச்சரிசி இருந்தது, பாசிப்பருப்பு தங்கராசு அண்ணன் கொடுத்தார். வெல்லம் இல்லை. அம்மாவுக்கென்று வாங்கிய மேப்பிள் பாகு டின் பெட்டியில் இருந்தது. இங்கத்து மரத்தில் வடியும் சாற்றைக் காய்ச்சி எடுப்பது, பதநீர்ப் பாகு மாதிரி. உனக்கு வேறு வாங்கிக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டேன், மன்னித்துக்கொள்.

பால் ஏறி வரும்போது மேடம் துணியை எடுத்துக்கொண்டு பதறி ஓடி வந்தார், பாத்திரத்தை இறக்க. நான் கையை நீட்டித் தடுத்தேன். பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. "பொங்கலோ பொங்கல்" என்றேன். சத்தமாகத்தான் சொல்ல நினைத்தேன், வாயைத் திறந்தால் குரல் வரவில்லை. பால் தீய்கிற வாசனை, இருட்டு, ஒரு மெழுகுவர்த்தி. வேண்டுமென்றே பாலை வழிய விட்டவனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று மேடம் நினைத்திருக்க வேண்டும், ஒன்றும் திட்டாமல் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

நம் வீட்டில் எந்தப் பக்கம் பொங்கியது? கிழக்கேயா? எனக்கு இங்கே சொல்லத் தெரியவில்லை. இந்த ஊரில் கிழக்கு என்று எல்லாரும் சொல்கிற திசை உண்மையில் பாதிக்கு மேல் வடக்கு. ஆறு போகிற போக்கை வைத்துச் சொல்லிப் பழகிவிட்டார்கள். மூன்றரை வருஷம் ஆகிறது, சூரியன் எந்த ஜன்னலில் வரும் என்று இன்னும் யோசிக்க வேண்டியிருக்கிறது. வாசலில் அப்பா பானைக்கு மஞ்சள் கொத்து கட்டும்போது நூல் பிடிக்க இந்த வருஷமும் ராஜுதானே? நான் பிடித்துக்கொண்டிருந்த இடம் அது.

சரி, அது போகட்டும். வியாழக்கிழமை இரவு எங்களுக்கும் கரண்ட் வந்துவிட்டது.

டிக்கெட் தேதியை மாற்றிக்கொள்ளலாம், மேலே கொஞ்சம் கட்ட வேண்டும் என்கிறார்கள். கட்டலாம்தான், அது பெரிய தொகை இல்லை. ஆனால் வகுப்பு ஆரம்பித்துவிடும், அதனால் மே மாதம் வருகிறேன். புது கோட் வாங்கினாயா என்று கேட்டிருக்கிறீர்கள். பழையதே நன்றாக உழைக்கிறது, ஜிப்பை மட்டும் மாற்றினேன். சுப்பிரமணி டொராண்டோவுக்குப் போய்விட்டதால் அறை முழுக்க எனக்குத்தான், விசாலமாகப் படிக்கலாம். சாப்பாட்டுக்கும் குறைவில்லை, உருளைக்கிழங்கு இங்கே உடம்புக்கு நல்லது என்கிறார்கள்.

வசந்தா விஷயம். மாயவரத்தார் தை 26, ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்காகத் தள்ளிப்போட வேண்டாம். அண்ணன் இல்லாமல் எப்படி என்று அவர்கள் கேட்டால் ஐஸ் மழைக் கதையைச் சொல்லுங்கள், அரைமணி நேரம் ஓடும். பையனுக்கு வேலை நிரந்தரமா, தற்காலிகமா என்று பெரியத்தை மூலமாகக் கேட்க வேண்டாம். அப்பாவே நேராகக் கேளுங்கள். அதற்கு முன்னால் வசந்தாவிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். என் கடிதத்துக்கு அவள் இரண்டு வரிதான் எழுதுகிறாள், அதில் ஒரு வரி ஆட்டுக்குட்டியைப் பற்றி.

இதோடு 300 டாலருக்கு டிராஃப்ட் வைத்திருக்கிறேன், நம் பணத்தில் எட்டாயிரத்துச் சொச்சம் வரும். நான் கையோடு கொண்டுவருவதாகச் சொன்னதில் மிச்சத்தை மார்ச்சில் அனுப்புகிறேன். உதவித்தொகைக் கணக்கில் ஏதோ மாற்றம் செய்கிறார்களாம், அதனால் தாமதம், வேறொன்றும் இல்லை. செட்டியாரிடம் மட்டும் கைமாற்று வாங்க வேண்டாம்.

சித்தப்பா வேலியை இரண்டடி தள்ளிப் போட்டதற்கு இப்போது சண்டை வேண்டாம். கல்யாணம் முடியட்டும். ஆனால் பழைய பத்திரம் பீரோவின் மேல்தட்டில், என் பள்ளிக்கூடச் சர்ட்டிபிகேட்டுகளுக்கு அடியில் இருக்கிறது, அதை எடுத்துப் பத்திரமாக வையுங்கள். அறுவடை எப்போது? தண்ணீர் நின்ற கீழ்க்கட்டளையில் எத்தனை மூட்டை தேறும் என்று எழுதுங்கள். அப்பா கண்ணை அறுவடைக்குப் பிறகு காட்டிக்கொள்ளலாம் என்று சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை. டிராஃப்டில் முதல் செலவு அதுவாக இருக்கட்டும்.

பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை. ராஜு கேட்ட கால்குலேட்டர் அதில்தான் இருக்கிறது. சென்னைக்கு யாராவது போனால் கொடுத்தனுப்புகிறேன். அரைப்பரீட்சையில் கணக்கில் எத்தனை மார்க் என்பதை அவனே கைப்பட எழுதினால்தான் அனுப்புவேன் என்று சொல்லுங்கள். அப்பா அவனுக்காக மழுப்பி எழுதியிருப்பது எனக்குத் தெரிகிறது.

மேடம் கூப்பிடுகிறார். பூனை என் அறைக்கு வந்திருக்கிறதா என்று கேட்கிறார், "நீங்கள் மேலே இருக்கிறீர்களா?" என்று. அந்த 'நீங்கள்' நான் இல்லை.

உங்கள் அன்பு மகன்,
சேகர்

பி.கு. பெண் பார்க்க வருகிறவர்களை மாடி அறையில் உட்கார வைப்பதாக இருந்தால் அந்தத் தெற்கு ஜன்னல் கொக்கியை மாற்றிவிடுங்கள். காற்றடித்தால் திறந்துகொள்ளும், குரங்கு வரும்.