ஞாயிறு காலை மழை வேண்டிக் கூட்டு வழிபாடு

எல்லோருக்கும் வணக்கம். ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறக்காததால் குறுவை நெல் சாகுபடி போனது தெரிந்ததே. இப்போது வாய்க்கால் முடியும் கடைமடையில் புழுதியில் விதைத்த சம்பா நெல்லும் முளைத்து இரண்டு இலை விட்டு, நுனி கருகி நிற்கிறது. அதனால் பெரியவர்கள் பேசி முடிவு செய்தபடி, வரும் ஞாயிறு காலை 6 மணிக்கு ஐயனார் கோயில் திடலில் மழை வேண்டிக் கூடுகிறோம்.

1. வீட்டுக்கு ஒருவராவது கட்டாயம் வரவும்.

2. மழைச்சோற்றுக்குச் சனிக்கிழமை மாலை பெண்கள் வீடு வீடாக வருவார்கள். அரிசியோ கேழ்வரகு மாவோ முடிந்ததைப் போடுங்கள், பணம் வேண்டாம். திடலிலேயே உப்பில்லாமல் காய்ச்சி எல்லோரும் குடிப்பது வழக்கம், அதனால் உப்பு எங்கே என்று யாரும் சண்டைக்கு வராதீர்கள்!

3. வீட்டுக்கு ஒரு குடம் தண்ணீர். கை பம்பில் எடுங்கள், மோட்டார் போட வேண்டாம். நந்தியைச் சுற்றியுள்ள தொட்டியை அதன் கழுத்தளவு நிரப்பி, மழைக் கடவுள் வருணனை வேண்டி வருண ஜபம் நடக்கும்.

4. பள்ளிவாசல்காரர்கள் அன்று காலையே மேலத்தெரு மைதானத்தில் மழைத் தொழுகை வைக்கிறார்கள், மாதா கோயிலிலும் திருப்பலியில் மழைக்காக ஜெபம் உண்டு. அவரவர் முடித்துவிட்டுக் கஞ்சிக்கு இங்கே வந்துவிடுங்கள்.

5. கொடும்பாவி (மழை வேண்டி இழுத்துக் கொளுத்தும் உருவ பொம்மை) இழுப்பதா என்று இளைஞர்கள் கேட்டார்கள். சரி, இழுக்கலாம், ஆனால் வைக்கோல் போர் பக்கம் கொளுத்தக் கூடாது.

அப்புறம், சாமி ஒரு பக்கம் இருக்கட்டும், பயிர்க் காப்பீட்டுக்கு அடங்கல் (சாகுபடிச் சான்று) வாங்காதவர்கள் இந்த வாரமே வாங்கிவிடுங்கள்.

எத்தனை பேர் வருவீர்கள் என்று வெள்ளி இரவுக்குள் குழுவில் எண்ணிக்கையை மட்டும் போடவும். அண்டா எவ்வளவு பெரியது வேண்டும் என்று பார்க்க வேண்டும்.